தலைவர்களின் படைத்தளப் பயணங்களும் போர் நடக்கும் நாடுகளின் பெண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டுப் போர்க்களங்களில் நிறுத்தப்பட்டிருக்கும் தம் படைவீரர்களைப் பார்க்கத் தலைவர்கள் மேற்கொள்ளும் திடீர்ப் பயணங்களைப் பற்றிய செய்திகளை நம் நாளிதழ்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் தருகிறபடியே, அதே படத்தோடும் அதே தலைப்போடும் வெளியிட்டு வருகின்றன. தலைவர் வந்தார், வீரர்களோடு உணவருந்தினார், அவர்களது தியாகத்தைப் பாராட்டினார், திரும்பினார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்த மக்களின் பாதுகாப்புக்காக அந்தப் படை அங்கே இருப்பதாகச் சொல்லப்படுகிறதோ, அந்த மக்களில் பாதிப் பேரான பெண்கள், தலைவர் வந்துபோன அந்த ஒரு நாளிலாவது அச்சமின்றி வெளியே போய் வீடு திரும்ப முடிந்ததா என்ற கேள்வி எங்கும் எழுவதில்லை. படைத்தளப் பயணம் ஒன்று உருப்படியானதா, வெறும் கண்துடைப்பா என்பதை அந்தக் கேள்வியை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

2003 நவம்பர் 27 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பாக்தாத் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அவரது விமானத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அங்கே இருந்த அவர் நிலைய வளாகத்தைத் தாண்டி நகருக்குள் கால் வைக்கவில்லை. அமெரிக்கரின் நன்றி நவிலல் நாள் விருந்தில் அவர் கையில் ஏந்தி நின்ற வான்கோழித் தட்டு உலகெங்கும் முதல் பக்கப் படமானது. அது பரிமாறுவதற்காக அன்றி அலங்காரத்துக்காக வைக்கப்பட்ட தட்டு என்பது பிறகுதான் தெரியவந்தது. 2014 மே மாதம் பராக் ஒபாமா ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்துக்கு இரவில் வந்து சில மணி நேரத்திலேயே திரும்பினார். தளத்துக்கு வந்து தம்மைச் சந்திக்கலாம் என்ற அழைப்பை ஆப்கன் அதிபர் ஹமீத் கர்சாய் ஏற்கவில்லை. 2018 டிசம்பர் 26 அன்று டொனால்டு டிரம்ப் தம் மனைவியுடன் ஈராக்கின் அல் அசாத் விமானப்படைத் தளத்துக்குச் சென்றபோது, சன்னல்களையெல்லாம் மூடி, உள்ளே வெளிச்சமே இல்லாமல் பறக்க நேர்ந்ததை அவரே செய்தியாளர்களிடம் வியப்போடு சொன்னார். எங்கே சந்திப்பது என்பதில் உடன்பாடு ஏற்படாததால் ஈராக் பிரதமரை அவர் பார்க்கவும் இல்லை. படையெடுப்பு நடந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும், உலகிலேயே மிகப் பலத்த காவலோடு நடமாடும் மனிதர் ஒருவர் இருட்டில் வந்து இருட்டில் போக வேண்டியிருந்ததென்றால், அதே நாட்டில் பேறுகால வலி எடுத்த ஒரு பெண் நள்ளிரவில் சோதனைச் சாவடிகளைக் கடந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வது எத்தகைய காரியமாக இருந்திருக்கும் என்பதை, நான் படித்த செய்திகளில் ஒன்றுகூட விசாரிக்கவில்லை.

வீரர்களைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. குடும்பத்தைப் பிரிந்து, பாலைவன வெயிலிலும் மலைக்குளிரிலும் மாதக்கணக்கில் காவல் காக்கும் இளைஞர்களிடம், அவர்களை அங்கே அனுப்பியவர் நேரில் போய் நலம் விசாரிப்பது கடமை. போருக்கு அனுப்பும் ஆணையில் கையெழுத்திட்டவர் அதன் விலையை அவர்கள் முகத்தில் பார்க்கட்டும். ஆனால் அந்தப் பயணத்தை அந்நாட்டின் பாதுகாப்பு நிலவரத்துக்கான சான்றிதழாக மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

2007 ஏப்ரல் முதல் தேதி அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயினும் அவரோடு சென்ற மக்கள் பிரதிநிதிகளும் பாக்தாதின் ஷோர்ஜா சந்தையைச் சுற்றிப் பார்த்தார்கள். நகரில் நிலைமை சீராகி வருகிறது என்று காட்டுவதே நோக்கம். அவர்கள் குண்டு துளைக்காத அங்கி அணிந்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் சூழ்ந்து நின்றார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டன. உடன் வந்த செனட்டர் ஒருவர் ஐந்து டாலருக்கு ஐந்து கம்பளம் வாங்கியதாகப் பெருமைப்பட்டார். இன்னொருவர், பிற்காலத்தில் துணை அதிபரான மைக் பென்ஸ், தம் இண்டியானா மாநிலத்தில் கோடையில் கூடும் சந்தையைப் போல இருந்ததாகச் சொன்னார். அந்தக் காவலெல்லாம் திரும்பிப் போன பிறகும் அங்கே இருந்தாக வேண்டிய வியாபாரிகள் மறுநாளே செய்தியாளர்களிடம் தங்கள் எரிச்சலை மறைக்காமல் கொட்டித் தீர்த்தார்கள். அங்கி இல்லாமல், ஹெலிகாப்டர் இல்லாமல், வீட்டுக்கு வேண்டியதை வாங்க அதே சந்தைக்கு வந்துபோகும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாக்தாதைப் பற்றி வேறொரு சித்திரம் கிடைத்திருக்கும். நகரம் அமெரிக்கர் கைக்கு வந்த சில மாதங்களிலேயே, 2003 ஜூலையில், கடத்தலுக்கும் பாலியல் வன்முறைக்கும் அஞ்சிக் குடும்பங்கள் பெண் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆவணப்படுத்தியிருந்தது. யாரும் அறியாத செய்தியல்ல அது.

தெற்கே பாஸ்ராவில் நடந்தது இன்னும் கொடுமை. 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் அங்குள்ள விமானத் தளத்தில் தம் வீரர்களைச் சந்தித்தார். அடுத்த சில நாட்களில் அம்மாகாணத்தின் பாதுகாப்புப் பொறுப்பு ஈராக்கியரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. அதே மாதங்களில், ஆயுதக் குழுக்கள் ‘ஒழுக்கம் தவறியவர்கள்’ என்று முத்திரை குத்தி 40-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொன்று வீசியிருப்பதாக பாஸ்ரா நகரின் காவல் தலைவரே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முக்காடு அணியவில்லை, உதட்டில் சாயம் பூசினாள் என்பவை போதுமான காரணங்களாக இருந்தன. தளத்துக்கும் நகருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

பெண்களின் பாதுகாப்பு இந்தப் போர்களுக்குத் தொடர்பில்லாத ஒரு துணைச் செய்தி என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியல்ல என்று சொன்னவர்கள் அந்தத் தலைவர்களேதாம். 2001 நவம்பர் 17 அன்று, அதிபர் வழக்கமாக ஆற்றும் வாராந்திர வானொலி உரையை அவர் மனைவி லாரா புஷ் ஆற்றினார். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கும் கண்ணியத்துக்குமான போரும்கூட என்பதே அந்த உரையின் சாரம். 2005 மார்ச்சில் அவர் காபூலுக்கு வந்தபோது ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே தங்கினார். பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையத்தைப் பார்த்தார், பக்ராமில் வீரர்களோடு உணவருந்தினார். அந்தப் பயிற்சி நிலையமும் பெண் பிள்ளைகளின் பள்ளிகளும், 2004 அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களும், பெண்களுக்கு எதிரான வன்முறையைக் குற்றமாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் பொய்யில்லை. அவற்றால் வாழ்வு மாறிய பெண்கள் ஏராளம். ஆனால் போர் நடந்த கிராமங்களில் பாதுகாப்பு என்பது வேறு பொருளில் புரிந்துகொள்ளப்பட்டது. நள்ளிரவில் கதவை உடைத்துப் பெண்கள் படுத்திருக்கும் அறைக்குள் அந்நிய ஆண்கள் நுழையும் சோதனைகளைக் கர்சாயே பலமுறை கண்டித்துப் பேச வேண்டியிருந்தது.

பிறகு 2020 பிப்ரவரி 29 வந்தது. தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பெண்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தது. மகளிர் விவகார அமைச்சகத்தின் கட்டடம் அடுத்த மாதமே ஒழுக்கக் கண்காணிப்பு அமைச்சகத்தின் கைக்குப் போனது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பள்ளி வகுப்புகளும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. வெளிநாட்டவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்களையும், அவர்கள் கையால் வாங்கிய சான்றிதழ்களையும் பலர் எரித்தார்கள் அல்லது ஒளித்துவைத்தார்கள். வந்துபோகும் தலைவருக்கு ஒரு நாள் செய்தியாக முடிந்துவிடும் படம், அதில் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு உயிருக்கே உலை வைக்கும் சாட்சியமாக மாறலாம் என்பதை, படம் எடுக்கச் சொல்லும் அதிகாரிகளில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

நேர்மையாகச் செய்யப்பட்ட பயணங்களும் உண்டு. 2009 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் காங்கோவின் கோமா நகருக்குச் சென்று, அகதி முகாமில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு உட்கார்ந்து பேசினார். அவர்களுக்கான மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் 1 கோடியே 70 லட்சம் டாலர் அறிவித்தார். நான் அறிந்த பயணங்களில் அதை மேலான ஒன்றாகவே மதிக்கிறேன். ஆயினும் ஓராண்டுக்குள், 2010 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும், அதே வட கிவு மாகாணத்தின் லுவுங்கி வட்டாரக் கிராமங்களில் ஆயுதக் குழுக்கள் 300-க்கும் மேற்பட்டோரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கின. ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்று அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அந்த நாட்களிலேயே அமைதிப்படையின் ரோந்து ஒன்று அவ்வழியே சென்றும், நடந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் மக்களின் மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை. ஆயுதம் ஏந்திய அந்நிய ஆண்களிடம் எந்தப் பெண்ணும் தானாக வந்து இதைச் சொல்லிவிடப் போவதும் இல்லை. விசாரிக்கப்போன ஐ.நா. உயர் அதிகாரி, தங்கள் செயல்பாடு போதாது என்று பாதுகாப்புக் கவுன்சிலிடம் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான், ஊர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள உள்ளூர் உதவியாளர்களையும், அவசரத்துக்கு அழைக்கத் தொலைபேசிகளையும் கூடுதலாக ஏற்பாடு செய்தார்கள். வட கிவுவில் அப்போது பொறுப்பில் இருந்தது இந்தியப் படைப்பிரிவு என்பதை நாம் மறந்துவிட்டு மேலை நாடுகளை மட்டும் குறைசொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எது பயன் தரும் என்பதற்குச் சூடானின் தார்ஃபூர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே போரால் ஊரை விட்டு வந்து முகாம்களில் தங்கியிருந்த பெண்கள் அடுப்பெரிக்க விறகு தேடி வெளியே போக வேண்டியிருந்தது. அருகில் இருந்த மரங்களெல்லாம் முதல் சில மாதங்களிலேயே தீர்ந்துவிட, விடியுமுன் கிளம்பிப் பல மணி நேரம் நடந்து போனார்கள்; ஜன்ஜவீத் ஆயுதக் குழுவினர் வழியில் காத்திருந்தார்கள். ஆண்களை அனுப்பலாமே என்று கேட்டவர்களுக்கு அந்தக் குடும்பங்கள் சொன்ன பதில் இதுதான்: ஆண்கள் போனால் கொன்றுவிடுவார்கள், பெண்கள் போனால் உயிரோடாவது திரும்பி வருவார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2004 அக்டோபர் முதல் சுமார் நான்கரை மாதங்களில் ஏறத்தாழ 500 பெண்களுக்கு இத்தகைய வன்முறைக்காகச் சிகிச்சை அளித்ததாக அறிக்கை வெளியிட்டது. சூடான் அரசு அந்த அமைப்பின் நிர்வாகியைக் கைதுசெய்தது. பாதிக்கப்பட்ட பெண் முதலில் காவல்துறையிடம் ‘எட்டாம் படிவம்’ பெற்று வந்தால்தான் சிகிச்சை என்ற வழக்கமும் அங்கே இருந்தது. கெடுத்தவனே சீருடையில் இருக்கக்கூடிய ஊரில், சீருடைக்காரனிடம் போய்ப் படிவம் கேட்க வேண்டும்.

இத்தகைய இடத்துக்குத் தலைவர்கள் வந்தபோது என்ன நடந்தது? 2004 ஜூலை முதல் தேதி ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வடக்கு தார்ஃபூரில் மெஷ்டெல் என்ற முகாமைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த அந்த முகாமை அதிகாரிகள் வண்டிகளை வைத்துக் காலிசெய்துவிட்டார்கள். அவர் பார்த்தது வெற்று நிலம். முன்கூட்டியே நிரல் வகுத்து நடத்தப்படும் எந்தப் பயணத்திலும் இதன் சிறு வடிவம் ஒன்று நடந்தே தீரும்: தரை பெருக்கப்படும், யார் பேச வேண்டும் என்று முடிவாகும், புகார் சொல்லக்கூடியவர் அன்றைக்கு வேறெங்கோ இருப்பார்.

அங்கே ஓரளவுக்கேனும் பெண்களைக் காத்தது விறகு ரோந்து என்ற எளிய ஏற்பாடு. ஆப்பிரிக்க ஒன்றியப் படையினர் குறித்த நாளில் வண்டியில் வருவார்கள். பெண்கள் கூட்டமாக விறகு பொறுக்கி முடிக்கும் வரை காவல் நின்று திரும்ப அழைத்து வருவார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், வண்டி எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும், தலைச்சுமையோடு பின்தங்குகிறவளுக்காக யார் நிற்பது என்பதையெல்லாம் பெண்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்த இடங்களில் அது பலன் தந்தது. கலந்து பேசாமல் தொடங்கிய இடங்களில் வீரர்களை நம்பாமல் பெண்கள் தனியாகவே போனார்கள். டீசல் இல்லை, ஆள் இல்லை என்று ரோந்து நின்றுபோன நாட்களில் மீண்டும் அதே கதைதான். படையைப் பார்க்கப்போகும் தலைவர் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த அளவுக்குச் சிறியவை. ரோந்து நேற்று போனதா? போகவில்லையென்றால் ஏன்? முகாமின் கழிப்பறைக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, போகிற வழியில் விளக்கு எரிகிறதா? போர்ச்சூழலில் பெண்களின் பாதுகாப்பையும் பங்கேற்பையும் வலியுறுத்தி ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் 2000 அக்டோபரில் நிறைவேறிய 1325-ஆம் தீர்மானமும், பாலியல் வன்முறையைப் போர் உத்தியாகவே கண்டித்த 2008-ஆம் ஆண்டின் 1820-ஆம் தீர்மானமும் இந்தத் தாழ்ப்பாளில்தான் வந்து முடிய வேண்டும்.

பாதுகாக்க வந்தவர்களாலேயே நேரும் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2006 மார்ச்சில் ஈராக்கின் மஹ்மூதியாவில் 14 வயதுச் சிறுமியை அமெரிக்க வீரர்கள் வன்கொடுமை செய்து குடும்பத்தோடு கொன்றார்கள்; அவர்கள் காவல் இருந்த சாவடி அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2007-இல் ஹைட்டியில் இருந்த இலங்கை அமைதிப்படையினர் 100-க்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையின் மீது தமிழ்ப் பெண்கள் கூறிய புகார்களையும் நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். வேலியே பயிரை மேய்ந்த இந்த இடங்களில், தளத்துக்குள் நின்று வீரர்களின் ஒழுக்கத்தைப் பாராட்டிவிட்டுப் போகும் உரை, வெளியே இருக்கும் பெண்ணின் காதில் எப்படி விழும்? மாறாக, 2007 ஜனவரியில் லைபீரியாவுக்கு இந்தியா அனுப்பிய, முழுக்கப் பெண்களே கொண்ட காவல் பிரிவு 2016 வரை அங்கே இரவு ரோந்து போனது, ஐ.நா.வின் வரலாற்றில் அத்தகைய முதல் பிரிவு அது. அதைக் கண்டு லைபீரியப் பெண்களும் தங்கள் நாட்டுக் காவல்துறையில் சேர முன்வந்தார்கள். அந்தப் பிரிவுக்குக் கிடைத்த செய்தி இடம், வான்கோழித் தட்டுக்குக் கிடைத்ததில் நூறில் ஒரு பங்குகூட இராது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது ஆட்சியாளர்களுக்கு: படைத்தளத்துக்குப் போகும் தலைவர், பயணத்தின் ஒரு பகுதியையாவது அந்த ஊர்ப் பெண்களோடு, பெண் மொழிபெயர்ப்பாளரை வைத்து, படைத்தளபதியோ உள்ளூர் அதிகாரியோ உடனிராமல், படம் எடுக்காமல் செலவிட வேண்டும். பாதுகாப்புக் காரணங்களால் வெளியே போக முடியாது என்றால், அந்தக் காரணங்களை நாடு திரும்பியதும் நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்க வேண்டும். கேட்டுவந்த குறைகள் என்ன ஆயின என்று ஆறு மாதம் கழித்து அதே அவையில் பதில் சொல்லவும் வேண்டும்.

இரண்டாவது தங்களுக்கு. அடுத்த முறை இத்தகைய பயணச் செய்தி வரும்போது, தலைவர் எத்தனை மணி நேரம் இருந்தார், தளத்தை விட்டு வெளியே போனாரா, அந்நாட்டுப் பெண்கள் யாரையேனும் சந்தித்தாரா என்ற விவரங்களை இரண்டே வரியில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். செய்தி நிறுவனம் அவற்றைத் தரவில்லையென்றால், தரவில்லை என்பதையே அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி